ச்சோய்: தீச்சொல் தீர்க்கும் கான்டனீஸ் வழக்குகள் குறித்து ஒரு முறையீடு

நாளை நேரக்கூடிய கெடுதலை இன்றைக்கே வாய்விட்டுச் சொன்னால் அது விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிடும் என்ற அச்சம் எல்லா மொழியினரிடமும் உண்டு என்றாலும், அந்த அச்சத்துக்காக இத்தனை மறுமொழிகளையும் மாற்றுப் பெயர்களையும் கைச்சைகைகளையும் திரட்டி அன்றாடப் பேச்சில் வைத்திருப்பதில் ஹாங்காங், மக்காவ், குவாங்சோ வட்டாரத்துக் கான்டனீஸ் மொழிக்கு ஈடு சொல்வது கடினம். தமிழ் இலக்கணிகள் மங்கலம் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கின் ஒரு பிரிவாக வைத்த முறை, அதாவது சுடுகாட்டை நன்காடு என்பது போல அமங்கலமான ஒன்றை மங்கலச் சொல்லால் மூடிவிடும் முறை, அங்கே இலக்கண நூலுக்குள் அடங்கியிராமல் காய்கறிக் கடை, இறைச்சிக் கடை, வீட்டுத் தரகர் அலுவலகம், சூதாட்ட மேசை என்று கால் வைக்கும் இடமெல்லாம் பரவிக் கிடக்கிறது. வெளியே கிளம்புகிறவரிடம் ‘எங்கே போகிறீர்கள்’ என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட வாசகர்களுக்கு இவ்வழக்கத்தின் உளவியலை விளக்க வேண்டியதில்லை ஆகையால், இக்கட்டுரை அதை விட்டுவிட்டு, இச்சொற்களால் இதுவரை ஒரு கெடுதலாவது தடுக்கப்பட்டிருக்கிறதா என்ற ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கான விடையை இறுதியில் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லும்.

இக்கேள்வி ஏட்டில் பிறந்ததன்று. செப்டம்பர் மாதத்தில் நடக்கவிருந்த ஒரு திருமண விருந்தின் ஏற்பாடுகள் அண்மையில் ஒரு மாஜோங் மேசையில் பேசப்பட்டபோது, செப்டம்பர் புயல் மாதம் என்ற பொது அறிவும் கட்டிய முன்பணத்தைப் பற்றிய கவலையும் ஒருங்கே அமைந்த ஒருவர், அன்றைக்கு எட்டாம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றப்பட்டால் அரங்கத்தார் பணத்தைத் திருப்பித் தருவார்களா, அல்லது வேறு தேதியாவது கொடுப்பார்களா என்று கேட்டார். கேட்டவர் கட்டுரை எழுதிப் பிழைப்பவர் என்பதும், வெயில் காலத்திலும் குடையோடு திரிபவர் என்பதும், ஆகவே அவர் பேச்சுக்கு அந்த மேசையில் ஏற்கெனவே பெரிய மதிப்பு இருந்திருக்க முடியாது என்பதும் உண்மையே. ஆயினும், அந்த எச்சரிக்கை ஏறிவிட்டால் அலுவலகங்கள் மூடப்பட்டுப் பேருந்துகளும் படிப்படியாக நிறுத்தப்படும் ஹாங்காங் நகரத்தில், முப்பது மேசை விருந்தைப் பற்றி இதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாது. விடையாகக் கிடைத்தது ஓர் ஒலி. மாப்பிள்ளையின் பெரிய அத்தை கையிலிருந்த மாஜோங் காயைக் கவிழ்த்து வைத்து, புறங்கையால் காற்றை இருமுறை தள்ளி, உதட்டைக் குவித்து, ஈயை விரட்டும் வேகத்தில் அதை எறிந்தார். சுற்றி இருந்த நால்வர் அதையே ஒருவர்பின் ஒருவராக எறிந்தனர். முன்பணத்தைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது.

அந்த ஒலி ‘ச்சோய்’ என்பதாகும். தனக்கென்று ஒரு பொருளில்லாத இந்த விலக்கொலி, கேட்ட தீச்சொல்லை அது தரையிறங்கும் முன்பே மறித்துத் திருப்பி அனுப்பும் என்பது நம்பிக்கை. இன்னும் கடுமையாகச் சொல்ல விரும்புவோர் அதை நீட்டி, ‘ச்சோய் குவோ நேய் பா ஹௌ’, அதாவது உன் வாய்க்கே ச்சோய் என்று முகவரியிட்டு அனுப்புவர். இதனோடு சேர்ந்தோ தனித்தோ வருவது ‘தாய் கட் லேய் சீ’ என்னும் நான்கு அசைத் தொடர். பெரும் மங்கலமும் நல்ல ஆதாயமும் என்று பொருள்படும் இத்தொடரின் கடைசி இரண்டு அசைகளே புத்தாண்டில் சிறுவர்களுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறையின் பெயராகவும் வழங்குகின்றன. ஹாங்காங் படப்பிடிப்புத் தளங்களில் பிணமாக நடித்து எழுந்தவருக்கு அந்தச் சிவப்பு உறையைக் கொடுத்துத் தோஷம் கழிப்பது இன்றும் வழக்கம். செத்தவராக நடித்தவருக்குப் பணம் கிடைக்கும் ஊரில், பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டவருக்கு ச்சோய் மட்டுமே கிடைக்கிறது என்பதை ஆய்வாளர்கள் கவனத்தில் கொள்ளலாம்.

மூன்றாவது கருவி ‘தோவ் ஹௌ சோய் கோங் குவோ’ என்ற கட்டளை. எச்சிலைத் துப்பிவிட்டு மறுபடி ஒழுங்காகச் சொல் என்பது இதன் பொருள். கெட்ட சொல் எச்சிலோடு வெளியேறிவிடும் என்ற இதன் உடற்கூற்று அடிப்படை சிந்திக்கத் தக்கதே. ஆனால் பொது இடத்தில் துப்புவோருக்கு 1,500 ஹாங்காங் டாலராக இருந்த தண்டத்தை அரசு 2023 அக்டோபரில் 3,000 ஆக உயர்த்திவிட்டபடியால், சட்டத்துக்கு அஞ்சுகிறவர்கள் துப்பாமலேயே துப்பியதாகப் பாவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆங்கிலேயரிடமிருந்து வந்த ‘டச் வுட்’ என்ற தொடரும் மேசையைத் தட்டும் பழக்கமும் இப்பட்டியலில் பின்னர் சேர்ந்தவை. மேசை பிளாஸ்டிக்காக இருப்பது யாருக்கும் தடையாகத் தெரிவதில்லை.

இவ்வழக்குகள் யாரை மன்னிக்கின்றன, யாரைத் தண்டிக்கின்றன என்பதில்தான் முதல் முறைகேடு வெளிப்படுகிறது. புத்தாண்டு நாளில் யாரேனும் கிண்ணத்தைக் கீழே போட்டு உடைத்துவிட்டால், ‘லோக் தேய் ஹோய் ஃபா, ஃபூ குவாய் விங் வா’, அதாவது மண்ணில் விழுந்து பூ மலர்ந்தது, செல்வமும் சீரும் பெருகும் என்று வீடே அவரை வாழ்த்துகிறது; சிறுவன் பாட்டியின் எதிரில் சாவைப் பற்றிப் பேசிவிட்டால், ‘துங் யின் மோ கேய்’, அதாவது குழந்தை வாய்ச் சொல்லுக்குக் குற்றமில்லை என்று பெரியவர்கள் அவனை விட்டுவிடுவதோடு, அதையே சிவப்புத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி முன்ஜாமீனும் எடுத்து வைக்கிறார்கள். உடைத்தவருக்கு வாழ்த்து, உளறியவனுக்கு விலக்கு. கிண்ணத்தை மேசை ஓரத்தில் வைத்திருக்கிறீர்களே, விழுந்துவிடாதா என்று ஒரு நிமிடம் முன்பு கேட்ட வளர்ந்த மனிதருக்கு மட்டும் ச்சோய். அவர் கேட்டபடியே கிண்ணம் விழுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ‘வூ ஆ ஹௌ’, அதாவது காக்கை வாயர் என்ற பட்டம் அவர் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். விழாவிட்டால் அது ச்சோயின் வெற்றி. விழுந்தால் அது வாயின் குற்றம். இப்படி இரண்டு பக்கமும் அடைத்துக் கட்டிய கோட்பாட்டை எந்தச் சான்றாலும் அசைக்க முடியாது என்பது அதைக் கட்டியவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

எண்களைப் பற்றி அனைவரும் அறிந்திருப்பதால் சுருக்கமாகவே சொல்லலாம். நான்கைக் குறிக்கும் ‘சேய்’, தொனி மாறினால் சாவைக் குறிக்கும் ஆகையால், பல கட்டடங்களில் மின்தூக்கிப் பொத்தான்கள் 3இலிருந்து 5க்கும், 13இலிருந்து 15க்கும் தாவுகின்றன. 2009இல் பேச்சுக்குள்ளான காண்டூயிட் சாலை 39ஆம் எண் கோபுரத்திலோ, நாற்பதுகள் முழுவதையும் தாண்டிக் குதித்து உச்சி மாடிக்கு 88 என்று பெயர் வைத்துவிட்டார்கள். எட்டைக் குறிக்கும் ‘பாட்’ செழிப்பைக் குறிக்கும் ‘ஃபாட்’டோடு ஒத்தொலிப்பதால், 18 என்ற இரண்டே இலக்கமுள்ள வாகனப் பலகை 2008இல் 1 கோடியே 65 லட்சம் ஹாங்காங் டாலருக்கு ஏலம் போனது. இந்த எட்டைத்தான் வானிலை ஆய்வகம் புயலுக்குக் கொடுத்திருக்கிறது. 1973க்கு முன்பு காற்று வீசும் திசைக்கேற்ப 5, 6, 7, 8 என்று தனித்தனியாக இருந்த எச்சரிக்கைகளை ஒன்றாக்கி, நான்கு திசைக்கும் 8 என்ற ஒரே எண்ணைச் சூட்டியபோது, நகரத்தையே இழுத்து மூடவைக்கும் குறியாக உலகத்திலேயே மங்கலமான எண் அமைந்துபோயிற்று. மேற்சொன்ன மேசையில் அவ்வெண்ணைச் சொன்னவர், அத்தையின் சொந்தக் கணக்குப்படியே பார்த்தாலும், மணமக்களை வாழ்த்தியிருக்கிறார்.

அடுக்களையில் இம்முறை இன்னும் நுட்பமானது. பன்றி ஈரலின் பெயரில் வரும் ‘கோன்’ என்ற அசை வறட்சியைக் குறிக்கும் சொல்லோடு ஒலி ஒக்கும். கான்டனீஸ் பேச்சில் தண்ணீர் என்றால் பணம் என்ற குழூஉக்குறி உண்டாகையால், வறட்சி என்பது சட்டைப் பையின் வறட்சியாகிவிடும். அதனால் ஈரலுக்கு ஈரத்தைக் குறிக்கும் ‘யொன்’ என்ற பெயர் வைத்து, ‘ச்யூ யொன்’ என்றே கடையில் கேட்டு வாங்குகிறார்கள். நாக்கைக் குறிக்கும் ‘சிட்’ நட்டத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒத்தொலிப்பதால் பன்றி நாக்கு ‘ச்யூ லேய்’ ஆகி ஆதாயம் ஈட்டுகிறது. பீர்க்கங்காயின் ‘சீ’ தோல்வியைக் குறிக்கும் ‘ஷ்யூ’வை நினைவூட்டுவதால் அது ‘சிங் குவா’, அதாவது வெற்றிக்காய். பாகற்காய் கசப்பை இழந்து ‘லோங் குவா’, குளிர்ச்சிக்காய். சமையற்காரர் ஒரு முனையில் ஏறி அமர்ந்து துள்ளித் துள்ளி நூடுல்ஸ் மாவை நசுக்கும் மூங்கில் கழிகூட, கோன் என்ற அசையைத் துறந்து, உயர்வைக் குறிக்கும் ‘சிங்’ என்ற அசையை ஏற்று, ‘ச்சுக் சிங்’ ஆகியிருக்கிறது. இத்தனை கவனத்துக்குப் பின்னும் ஒரு பிழை தங்கிவிட்டதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை: காய் என்று பொருள்படும் அந்தக் ‘குவா’வுக்கே கொச்சை வழக்கில் செத்துப்போவது என்றும் ஒரு பொருள் உண்டு. முதல் அசையில் தோல்வியை விரட்டியடித்த இல்லத்தரசி, இரண்டாம் அசையில் சாவைக் கூடையில் போட்டு, பேரம் பேசி, மலிவாக வாங்கிவிட்ட மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார்.

இங்கே புத்தகத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கட்டுரையாளர் எவரும் இதில் நடுநிலை வகிக்க இயலாது. புத்தகத்தைக் குறிக்கும் ‘ஷ்யூ’வும் தோல்வியைக் குறிக்கும் ‘ஷ்யூ’வும் ஒன்றேபோல் ஒலிக்கின்றன. நாள் பார்க்கும் பஞ்சாங்கத்துக்கு ‘துங் ஷ்யூ’, எல்லாம் அடங்கிய நூல் என்று இருந்த கண்ணியமான பெயர், எல்லாம் தோல்வி என்று காதில் விழுவதாகச் சொல்லி ‘துங் சிங்’, எல்லாம் வெற்றி என மாற்றப்பட்டது. 1846 முதல் குதிரைகள் ஓடும் ஹேப்பி வேலி மைதானத்துக்கோ மாஜோங் மேசைக்கோ கையில் புத்தகத்தோடு வருகிறவரைப் பணம் கட்டியவர்கள் தொற்றுநோயாளியைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள். புத்தாண்டின் முதல் நாட்களில் புத்தகம் வாங்கக் கூடாது என்பாரும் உளர். மேற்படி மாஜோங் மேசையில் கேள்வி கேட்டவரின் மடியில் அப்போது ஒரு தடித்த நூல் இருந்தது என்பதும், அத்தை அந்த மாலை முழுவதும் தோற்றதற்கு அதுவே காரணம் எனப் பின்னர் தீர்மானிக்கப்பட்டது என்பதும் பதிவுக்காகக் குறிக்கப்படுகின்றன. அத்தை சரியாக ஆடவில்லை என்ற மாற்றுக் கருத்து அவையில் வைக்கப்படவில்லை.

இச்சொற்களால் பயன் உண்டா என்ற முதன்மைக் கேள்வியின் விடைக்குச் செல்லும் முன், காலி வீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவது அவசியம். காலி என்பதற்குக் கான்டனீஸ் சொல் ‘ஹுங்’. கேடு, தீநிமித்தம் என்பவற்றுக்குரிய சொல்லும் ‘ஹுங்’. கொலையோ தற்கொலையோ நிகழ்ந்த வீட்டை ‘ஹுங் சாக்’, கேட்டு வீடு என்பர். அத்தகைய வீடுகளின் விலை சரிகிறது, வங்கிகள் அவற்றின்மேல் கடன் கொடுக்கத் தயங்குகின்றன, அவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும் தரகு நிறுவனங்களே உண்டு. ஆகவே வீடு காலியாக இருக்கிறது என்று தரகர் வாய் தவறிச் சொன்னால், உள்ளே யாருமில்லை என்பதா, உள்ளே யாரோ இன்னும் இருக்கிறார் என்பதா என்ற குழப்பம் வாடிக்கையாளருக்கு எழும். இதைத் தவிர்க்கக் காலி வீடு ‘கட் ஊக்’, மங்கல வீடு எனப் பெயர் பெற்றது. தரகர் கடைக் கண்ணாடியில் தரையிலிருந்து கூரைவரை ஒட்டப்பட்ட சிறு அட்டைகளில் பரப்பளவு, மாடி, வாடகை இவற்றின் கீழே ‘காவ் கட்’ என்ற இரண்டு எழுத்துகளைக் காணலாம். மங்கலத்தை ஒப்படைத்தல் என்று விரியும் இத்தொடருக்கு, குடியிருந்தவர் சாமான்களோடு வெளியேறிவிட்டார் என்பதே பொருள். வழக்கறிஞர்களும் இதையே எழுதுகிறார்கள்.

மங்கலம் வீட்டோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆள் ஏறாத வண்டி மங்கல வண்டி. குவாய் சுங் துறைமுகத்தில் சரக்கில்லாமல் அடுக்கிக் கிடக்கும் இரும்புக் கன்டெய்னர்கள் ‘கட் குவாய்’, மங்கலப் பெட்டகங்கள். ஏற்றுமதி படுத்துவிட்டால் துறைமுகத்தில் மங்கலம் மலைபோல் குவியும். ஒருகாலத்தில் உலகிலேயே மிக அதிகமான கடை வாடகை வாங்கிய ரசல் தெருவில் 2020ஐ ஒட்டிக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, நாளேடுகள் அவற்றைக் ‘கட் போ’, மங்கலக் கடைகள் என்றே எழுதின. வணிகம் எவ்வளவுக்கு நாசமானதோ அவ்வளவுக்குத் தெரு மங்கலமாயிற்று. நாள் முழுவதும் அலைந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர் ‘தக் கோ கட்’, மங்கலம் ஒன்றே கிடைத்தது என்கிறார். இந்த அளவையை ஒழுங்காகப் பின்பற்றினால், மாதக் கடைசியில் சம்பளக்காரரின் பை மங்கலப் பை. திருடர் வந்துபோன வீட்டின் அலமாரி மங்கல அலமாரி. திவாலான வங்கியின் பெட்டக அறையைவிட மங்கலமான இடம் நகரத்தில் இருக்க முடியாது. விருந்தாளி எதிர்பாராமல் வந்த இரவில் குளிர்பதனப் பெட்டி மங்கலம். விருந்தாளி போனபின் அரிசிப் பானை மங்கலம். இவ்வளவும் கேட்டுக்கொண்டிருக்கும் சிலரின் தலைக்கும் அவ்வடைமொழி பொருந்தும். எட்டாம் எண் ஏறிய நாளில் முப்பது மேசையும் விரித்து, முந்நூறு நாற்காலிக்கும் உறை மாட்டி, ஒரு விருந்தாளிகூட வராத திருமண அரங்கம் இருக்கிறதே, அதுவே இந்நகரம் கண்ட மங்கலங்களில் தலையாயது. அதற்காகவேனும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் விட்டுவிடலாம் என்று அத்தை வாதிட்டிருந்தால் அதில் ஒரு தர்க்கமாவது இருந்திருக்கும்.

இதில் வருந்தத்தக்கது, தீயதை மூட வந்த சொல்லே தீயதன் நிறத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதாகும். அன்றாடப் பேச்சில் ‘கட்’ என்றால் வெறுமை, ஏமாற்றம் என்றும் பொருள் ஏறிவிட்ட நிலையில், ‘தாய் கட் லேய் சீ’ என்று அலறுகிறவர் பெரும் மங்கலத்தை வேண்டுகிறாரா, பெரும் காலியை வேண்டுகிறாரா என்று கேட்க இலக்கணம் அறிந்தவருக்கு உரிமை உண்டு. கேட்டால் என்ன கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். இறந்துபோனவர் உப்பிட்ட வாத்து முட்டை விற்கப் போயிருக்கிறார் என்று கூசாமல் கதை சொல்லும் மொழிக்கு இன்னொரு மாற்றுச் சொல் கண்டுபிடிப்பது பெரிய காரியமன்று. ஈப்போ, கோலாலம்பூர்ச் சீனர்கள் வழியாக ச்சோய் மலேசிய ஆங்கிலப் பேச்சுவரை பரவிவிட்ட பிறகு, பக்கத்து மேசைக்காரர் தமிழராக இருந்தாலும் அங்கே தப்பிக்க வழியில்லை.

ஆனால் இவ்வளவு சொல்நயம் படைத்த நகரம் ஓரிடத்தில் மட்டும் வாயை மூடாமல் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது. பழைய அடுக்குமாடி வீடு ஒன்றைப் பலகையால் தடுத்துத் தடுத்து, நான்கைந்து குடும்பங்களுக்குத் தனித்தனியே வாடகைக்கு விடும் அறைகளுக்கு ‘தோங் ஃபோங்’ என்று பெயர். மீனையும் பன்றியையும் வயிற்றைக் கீறி அறுப்பதற்கு வழங்கும் வினையே அந்தத் ‘தோங்’, அறுத்த அறை. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றில் வாழ்ந்தனர். பீர்க்கங்காயின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ளும் ஊரில், சமையல் மேடைக்கும் கழிப்பறைக்கும் இடையே தடுப்புகூட இல்லாத அறையை அறுத்த அறை என்று சொல்லும்போது, எந்த அத்தையும் காற்றைப் புறங்கையால் தள்ளுவதில்லை, எவரும் மேசையைத் தட்டுவதில்லை. யாரும் இல்லாத வீடு மங்கல வீடாகவும், ஆட்கள் நெருக்கியடித்து வாழும் வீடு அறுத்த வீடாகவும் இருப்பதற்கு மூதாதையர் காரணம் வைத்திருப்பார்கள் என்று எண்ணித் திருப்தியடைய வேண்டியதுதான்.

அரசாவது இதைக் கவனித்தது. 2024 அக்டோபரில் வெளியான ஆண்டுக் கொள்கை உரையில் இவ்வறைகளை ஒழுங்குபடுத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டு, தகுதி பெறும் அறைகளுக்கு எளிய வீடு என்ற பொருளில் ‘கான் போக் ஃபோங்’ என்ற புதுப் பெயரும் சூட்டப்பட்டது. சன்னல் இருக்க வேண்டும், தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்பவற்றோடு, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு இடமாவது இருக்க வேண்டும் என்று குறைந்தபட்சப் பரப்பளவு ஒன்றும் அதில் வகுக்கப்பட்டிருக்கிறது. அது 8 சதுர மீட்டர். ஏறத்தாழ 86 சதுர அடி. பத்தாக வைத்திருந்தால் ஒரு கட்டில் கூடுதலாகப் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எட்டைவிட மங்கலமான எண் கிடையாது.